அரிச்சந்திரா நதிக் கரையும் மணிலாவின் ஓட்டுக் கணக்கும்

திருத்துறைப்பூண்டிப் பக்கம், எங்கள் ஊருக்குத் திரும்பும் இடத்தில், அரிச்சந்திரா நதிக் கரையில் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு போர்டு நட்டார்கள். வேலையின் பெயர், கரையின் நீளம், மதிப்பீட்டுத் தொகை என்று வரிசையாக எழுதி, கடைசி வரியில் ஆசிய வளர்ச்சி வங்கியின் நிதியுதவியுடன் என்று போட்டிருந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 31 வருடம் வேலை பார்த்து, செயலாளராக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் சங்கத்தில் ஒருவர் ஐம்பதாயிரம் பயிர்க்கடன் வாங்கினால் அதைப் பேரேட்டில் உதவி என்று எழுதமாட்டோம். கடன் என்று எழுதுவோம், பக்கத்தில் தவணைத் தேதி போடுவோம், கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவோம். கடன் என்று தெரிந்தால்தான் கொடுத்தது யார், யார் முடிவு செய்தார்கள், யார் திருப்பிக் கட்டப்போகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். உதவி என்று சொல்லிவிட்டால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்துவிடுவோம். அந்தக் கேள்விகளை எங்கள் ஊரில் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. அதனால் நானே கேட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வேலை எங்களுக்கு வேண்டிய வேலை. நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் ஜூன் 12இல் திறந்தாலும், தண்ணீர் கல்லணை வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, நீடாமங்கலம் தாண்டி எங்கள் வாய்க்காலை எட்டுவதற்குள் நாற்றங்காலில் வெடிப்பு விழுந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அப்படியே தலைகீழ். மேலே பெய்த மழையெல்லாம் எங்கள் வயலில் வந்து நிற்கும். கடல் ஏறியிருக்கும் நாளில் வடியவும் வடியாது. கோடையில் உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள்ளேயே ஏறி வரும். 2018 நவம்பர் 16இல் கஜா அடித்த ராத்திரியை நான் சொல்லவே வேண்டாம், இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

இந்த நிலைமைக்காகத்தான் 2016இல் வெண்ணாறு உபவடிநிலத்துக்கு, அதாவது வெண்ணாறும் அதன் கிளைகளும் பாயும் எங்கள் பகுதிக்கு, ஆசிய வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகிய ஆறு நீர்வழிகளின் கரைகளைப் பலப்படுத்துவது, மதகு, ரெகுலேட்டர், நீரேற்று நிலையங்களைச் சீர்செய்வது, பருவநிலை மாறினாலும் தாங்கும்படி செய்வது என்பது திட்டம். கடன் போக மீதிச் செலவை அரசு தன் பங்காகப் போடும்.

வங்கியின் தலைமை அலுவலகம் மணிலாவில் இருக்கிறது என்று டீக்கடையில் சொன்னபோது, எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், "கடலைக்கு மணிலான்னு பேரு வச்ச ஊருதானே தம்பி?" என்றார். சரிதான். நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைவிட நெருங்கிய உறவும் உண்டு. எங்கள் அப்பா போட்ட ஐ.ஆர்.8 நெல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. அதை 1966 நவம்பரில் வெளியிட்டார்கள். அடுத்த மாதமே, 1966 டிசம்பரில், அதே நாட்டில் இந்த வங்கி கதவைத் திறந்தது. நெல் எங்கள் வயலுக்குச் சில வருடத்தில் வந்துவிட்டது. வங்கியின் கடன் எங்கள் ஆற்றங்கரைக்கு வர அரை நூற்றாண்டு ஆனது. இந்தியா தொடக்கம் முதலே உறுப்பினர்தான், ஆனாலும் அதனிடம் கடன் வாங்க ஆரம்பித்ததே 1986இல்தான்.

அண்ணன் மகள் திருச்சியில் பொருளாதாரம் படிக்கிறாள். பொங்கல் லீவுக்கு வந்தவள் வங்கியின் அமைப்புச் சாசனத்தை என் போனில் இறக்கிக் கொடுத்தாள். நாலு நாள் திண்ணையில் உட்கார்ந்து படித்தோம். அவள் படித்துப் பொருள் சொல்வாள். நான் எங்கள் சங்கத்தின் துணைவிதிகளை மனதில் வைத்துக்கொண்டு கேட்பேன். இரண்டாம் நாளே அவள், "சித்தப்பா, நீங்க கேக்குறதெல்லாம் எங்க பாடப் புத்தகத்துல இல்ல" என்றாள். அவள் புத்தகத்தில் வளர்ச்சி விகிதம் இருந்தது. நான் கேட்டது, கூட்டத்தில் யார் கையைத் தூக்கலாம் என்பது.

எங்கள் சங்கத்தில் அது எப்படி என்று சொல்கிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். உறுப்பினர் எல்லோரும் பங்கு வைத்திருப்பார்கள். ஐந்து வேலி நிலம் உள்ளவரின் பங்குத் தொகை ஆயிரக்கணக்கில் இருக்கும். இரண்டு மா வைத்திருப்பவருக்குச் சில நூறு இருக்கும். ஓட்டு மட்டும் ஆளுக்கு ஒன்று. கூட்டுறவுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

நான் சேர்ந்த சில வருடத்தில் நடந்த ஒரு பேரவைக் கூட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. உரக் குடோன் மேலத்தெருப் பக்கம் கட்டுவதா, கீழத்தெருப் பக்கம் கட்டுவதா என்று விவாதம். வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டிருந்தோம். பெஞ்சில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள், பலர் தரையில். கை தூக்கச் சொன்னார் தலைவர். நான் எண்ணினேன். முதல் தடவை எண்ணியபோது தரையில் உட்கார்ந்திருந்த ஒருவர் கையைப் பாதி தூக்கி, முன்னால் பெஞ்சில் இருப்பவரைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். அவர் வயல் பெஞ்சுக்காரரிடம் குத்தகை. தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை எண்ணலாம்" என்றார். இரண்டாம் தடவை அவர் கையை முழுசாகத் தூக்கினார். கீழத்தெரு நாலு கை வித்தியாசத்தில் ஜெயித்தது. தீர்மானப் புத்தகத்தில் எண்ணிக்கையை எழுதியபோது என் கை நடுங்கியது. அந்தச் சிவப்புக் காலிகோ அட்டைப் புத்தகம், ஓரத்தில் ஈரம் பட்டு உப்பியிருக்கும், கைநாட்டு மையின் நீலம் இரண்டு மூன்று பக்கத்துக்கு இறங்கியிருக்கும். அதைத் தொட்ட ஞாபகம் இப்போதும் விரலில் இருக்கிறது.

மணிலாவில் அப்படி இல்லை. அங்கே உறுப்பினர்கள் நாடுகள், மொத்தம் 69. ஆசிய, பசிபிக் நாடுகள் 50, மீதி அமெரிக்கா, ஐரோப்பா போன்ற வெளி நாடுகள். மொத்த ஓட்டில் 20 சதவீதத்தை எல்லா நாட்டுக்கும் சமமாகப் பிரித்துவிடுகிறார்கள். மீதி 80 சதவீதம் யார் எவ்வளவு பங்கு வாங்கியிருக்கிறார்களோ அந்த அளவுப்படி. ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். 20ஐ 69ஆல் வகுத்தால் நாட்டுக்கு 0.29 சதவீதம். பசிபிக் கடலில் உள்ள துளி போன்ற நவுருவுக்கும் இந்தியாவுக்கும் அந்தப் பகுதி ஒன்றுதான். அதற்கு மேலேதான் வித்தியாசம். ஜப்பானும் அமெரிக்காவும் ஆளுக்கு ஏறக்குறைய 15.6 சதவீதப் பங்கு வைத்திருக்கின்றன. ஓட்டாகக் கணக்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 12.75 சதவீதம் அளவில் வருகிறது. இந்தியாவின் பங்கு 6.3 சதவீதம் அளவு, ஓட்டு 5.3 சதவீதத்துக்குச் சற்று மேலே. சீனா நமக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது.

அந்தச் சமமான 20 சதவீதத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஓட்டு முழுவதையும் பணத்தின் அளவிலேயே வைக்காமல், எளிய உறுப்பினருக்கு என்று ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறார்கள். போதாது என்பது என் கருத்து. ஆனாலும் யாரோ அதை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இதில் ஒரு செய்தி எனக்குப் பிடித்தது. வங்கியை எந்த ஊரில் வைப்பது என்று 1965 டிசம்பரில் ஆசிய நாடுகளின் அமைச்சர்கள் கூடி முடிவு செய்தபோது, நாட்டுக்கு ஒரு ஓட்டு என்றுதான் போட்டிருக்கிறார்கள். டோக்கியோ, டெஹ்ரான் எல்லாம் போட்டியில் இருந்தன. கடைசிச் சுற்றில் மணிலாவுக்கு 9, டோக்கியோவுக்கு 8. எங்கள் குடோன் கணக்கைவிட நெருக்கம். பங்கு அளவில் ஓட்டு என்று வைத்திருந்தால் அந்த வங்கி மணிலாவுக்கு வந்திருக்குமா என்று அண்ணன் மகளிடம் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வந்திருக்காது சித்தப்பா" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

எங்கள் பேரவைக்குச் சமமானது அங்கே ஆளுநர்கள் குழு. நாட்டுக்கு ஓர் ஆளுநர், அவர் இல்லாதபோது ஒரு மாற்று ஆளுநர். இந்தியாவின் ஆளுநர் நம் நிதியமைச்சர். வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் மே மாதம், ஏதாவது ஓர் ஊரில் கூடுகிறார்கள். 2006இல் ஹைதராபாத்தில் கூடினார்கள். புதிய உறுப்பினரைச் சேர்ப்பது, மூலதனத்தைக் கூட்டுவது, சாசனத்தைத் திருத்துவது, தலைவரைத் தேர்ந்தெடுப்பது என்று பெரிய விஷயங்கள் மட்டும் அவர்கள் கையில்.

அன்றாட நிர்வாகம் இயக்குநர்கள் குழுவிடம். மொத்தம் 12 பேர், எட்டுப் பேர் ஆசிய பசிபிக் நாடுகளுக்கு, நாலு பேர் வெளி நாடுகளுக்கு. இரண்டு வருடப் பதவி. இவர்கள் கூட்டத்தன்றைக்கு மட்டும் வந்து போகிறவர்கள் இல்லை. மணிலாவிலேயே குடியிருந்து முழு நேரமும் அதே வேலையாக இருக்கிறார்கள். நாடு 69, நாற்காலி 12 என்பதால் பல நாடுகள் சேர்ந்து ஒருவரை அனுப்புகின்றன. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் தனித்தனி நாற்காலி உண்டு. இந்தியாவின் நாற்காலியில் வங்கதேசம், பூட்டான் போன்ற நாடுகளும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் ஆற்றுக் கடனைப் போல அரசுகளுக்குக் கொடுக்கும் கடன்கள் பொதுவாக இந்தப் பன்னிரண்டு பேர் குழுவின் ஒப்புதலுக்கு வரும். தலைவர் அறிக்கையும் பரிந்துரையும் வைப்பார், குழு பார்த்து முடிவு சொல்லும். எங்கள் சங்கத்தில் செயலாளர் கடன் விண்ணப்பத்தை நிர்வாகக் குழுவில் வைக்கும் அதே வழிதான்.

அந்தக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பை வங்கி வெளியிடுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சங்கத்தில், பெயர் வேண்டாம், கூட்டமே கூட்டாமல் தீர்மானத்தை எழுதி வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வரச் சொல்வார்கள். நானும் போயிருக்கிறேன். ஒரு வீட்டில் அம்மா ஒருத்தர், இயக்குநரின் மனைவி, "அவரு வயலுக்குப் போயிருக்காரு, என்ன எழுதியிருக்கு படிச்சுக் காட்டு" என்றார். படித்துக் காட்டினேன். அவர் கேட்ட ஒரு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. கூட்டக் குறிப்பு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தலைவர் பதவிக்கு வருகிறேன். ஐந்து வருடப் பதவி, ஆளுநர்கள் குழு தேர்ந்தெடுக்கும். ஆசிய பசிபிக் உறுப்பு நாட்டைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது சாசனம். அவர் இயக்குநர் குழுவுக்கும் தலைமை வகிப்பார், ஆனால் ஓட்டு இல்லை. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் அவர் ஓட்டுப் போட்டு முடிப்பார். ஜப்பானியராகத்தான் இருக்க வேண்டும் என்று சாசனத்தில் எங்கேயும் இல்லை. இருந்தாலும் முதல் தலைவர் தகேஷி வதனபே முதல், 2025 பிப்ரவரியில் பொறுப்பேற்ற மசாதோ காண்டா வரை எல்லோரும் ஜப்பானியர். உலக வங்கியிலும் இதே வழக்கம்தான், அங்கே தலைவரை அமெரிக்காதான் முன்மொழியும். 2023இல் வந்த அஜய் பங்கா புனே பக்கம் பிறந்தவர் என்றாலும் அமெரிக்கக் குடிமகன். சாசனத்தைத் திருத்த அங்கே 85 சதவீத ஓட்டு வேண்டும். அமெரிக்காவிடம் 15க்கு மேல் இருக்கிறது. அது ஒப்பாமல் ஒரு வரியையும் மாற்ற முடியாது. எழுதாத வழக்கம் எழுதிய விதியைவிடப் பலமாக இருப்பதை எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறேன், அங்கேயும் அப்படியே. இது மாற வேண்டும். கடன் வாங்கும் நாட்டிலிருந்து ஒருவர் ஒரு நாளாவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

உலக வங்கி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1944இல் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில் அந்த வங்கியை உருவாக்கக் கூடிய மாநாட்டில் இந்தியக் குழுவில் நம் கோயம்புத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார் இருந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரும் அவர்தான். இந்த மாதிரி வங்கிகளின் சட்டம் எழுதப்பட்ட இடத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதை எங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? இதுதான் எனக்கு ரொம்பப் புதிதாக இருந்தது. உறுப்பு நாடுகள் பங்குப் பணம் போட்டு, அதை எடுத்துக் கடன் கொடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 2009இல் வங்கியின் மூலதனத்தை 5,500 கோடி டாலரிலிருந்து 16,500 கோடி டாலராக உயர்த்தினார்கள். அந்தக் கூடுதல் தொகையில் நாடுகள் ரொக்கமாகக் கட்டியது 4 சதவீதம்தான். மீதி 96 சதவீதம் வெறும் வாக்குறுதி: வங்கிக்கு வேறு வழியே இல்லாத நிலைமை வந்தால் கேட்கும்போது கட்டுகிறோம் என்று. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஜாமீன் கையெழுத்து. இத்தனை அரசாங்கங்களின் ஜாமீன் இருப்பதால் உலகச் சந்தையில் வங்கி கடன் பத்திரம் வெளியிட்டால் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைக்கிறது. அதில் சிறிது வட்டி சேர்த்து நமக்குக் கொடுக்கிறது. அந்த ஜாமீனைக் கேட்கும் நிலைமை இன்றுவரை வந்ததில்லை.

ஏன் வரவில்லை என்றால், நாடுகள் இந்தக் கடனை முதலில் கட்டிவிடுகின்றன. இங்கே எங்கள் அனுபவம் வேறு. 2006இல் தள்ளுபடி, 2016இல் சிறு, குறு விவசாயிகளுக்குத் தள்ளுபடி, 2021இல் மறுபடி தள்ளுபடி. நான் அந்தப் பட்டியல்களை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். வெள்ளத்தில் அழுகிய தாளடியைப் பார்த்தவனுக்கு அந்தத் தள்ளுபடியின் அருமை தெரியும். மணிலாக் கடனில் அந்தப் பேச்சு இல்லை. ஆறு உடைத்தாலும் புயல் அடித்தாலும் தவணை தவணைதான். இன்னொன்றும் உண்டு. ஒப்புக்கொண்ட தொகையில் நாம் இன்னும் எடுக்காத பகுதிக்கும் 0.15 சதவீதக் கட்டணம் உண்டு. வேலை தாமதமானால் அந்தக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். சங்கத்தில் எடுக்காத கடனுக்கு ஒரு பைசாவும் வசூலித்ததில்லை நாங்கள்.

கட்டப்போவது யார் என்றும் பார்த்தோம். கடன் வாங்குவது இந்திய அரசு, டெல்லியில் நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை கையெழுத்துப் போடுகிறது. அப்புறம் அதே நிபந்தனையில் அப்படியே தமிழ்நாட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். டாலர் ஏறினால் அந்தச் சுமையும் மாநிலத்தின் தலையில். 2016இல் ஒரு டாலர் 67 ரூபாய் அளவில் இருந்தது, 2025இல் 85ஐத் தாண்டிவிட்டது. அதாவது இந்தக் கரையின் கடனைக் கட்டுவது நாம், நம் பிள்ளைகள், டீக்கடையில் வரி சேர்த்து பிஸ்கட் வாங்குகிற எல்லோரும். அதனால்தான் அந்தப் போர்டில் கடன் என்று எழுத வேண்டும் என்கிறேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கீழத்தெரு அத்தை வந்தார். எனக்கு ரத்த உறவு இல்லை, ஊரில் எல்லோருக்கும் அத்தை. ஆற்றுக்கரைப் புறம்போக்கில் குடிசை. பல வருடம் முன்னால் வேறொரு வேலைக்காக, எந்த ஆபீஸ் என்று எழுத வேண்டாம், கரையில் இருந்தவர்களை இரண்டு நாளில் காலி செய்யச் சொன்னார்கள். அத்தை அப்போது தென்னங்கீற்றையும் மூங்கிலையும் தானே பிரித்துத் தலையில் தூக்கிக்கொண்டு போனார். பட்டா இல்லாதவருக்கு நஷ்டஈடு ஏது என்று சொல்லிவிட்டார்கள். நானும் அன்றைக்கு, "சட்டம் அப்படித்தான் அத்தை" என்றுதான் சொன்னேன். அதைச் சொன்னதற்கு இன்னும் வருத்தப்படுகிறேன். வேறு வழி இருக்கிறதா என்று நான் தேடியே பார்க்கவில்லை.

அத்தை திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து, "என்னடி படிக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்று அண்ணன் மகளைக் கேட்டார். அவள் சொன்னாள். அத்தை உடனே கேட்டது ஒன்றுதான்: "பட்டா இல்லாதவளுக்கு அதுல என்ன எழுதியிருக்கு?"

எழுதியிருக்கிறது. வங்கி 2009இல் கொண்டுவந்த பாதுகாப்புக் கொள்கை எங்கள் 2016 கடனுக்குப் பொருந்தும். திட்டத்துக்காக ஒருவர் வீட்டையோ பிழைப்பையோ இழந்தால், நிலத்துக்குப் பட்டா இல்லாவிட்டாலும், அதன் மேல் அவர் கட்டிய வீடு, வைத்த மரம், போட்ட பயிர் இவற்றுக்கு ஈடு கொடுக்க வேண்டும். அதைப் புதிதாக இன்றைக்குக் கட்ட என்ன செலவாகுமோ அந்த விலையில் கொடுக்க வேண்டும். பழைய வீடு, கீற்று மக்கிப்போயிற்று என்று தேய்மானம் கழிக்கக் கூடாது. ஒரு நிபந்தனை: கணக்கெடுப்புக்கு என்று அறிவித்த கடைசித் தேதிக்கு முன்னால் அங்கே இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்து கொட்டகை போட்டவருக்குக் கிடையாது. பாதிக்கப்படுகிறவர்களுக்குப் புரியும் மொழியில் இந்த விவரங்களைச் சொல்ல வேண்டும் என்பதும் கொள்கையிலேயே இருக்கிறது.

அத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தார். ரேஷன் அட்டைக்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு துண்டுத் தாள். இந்தக் கரை வேலைக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் கொடுத்த எண், தேதி, அத்தையின் பெயர். மடிப்பில் கிழிந்து, உள்ளே செல்லோடேப் ஒட்டியிருந்தது. அவர் குடிசையை எடுக்கும் நிலைமை கடைசியில் வரவில்லை, கரை அந்த இடத்தில் அகலமாகவே இருந்தது. இருந்தும் அவர் அந்தத் தாளைத் தூக்கிப் போடவில்லை. அந்தத் தேதிதான் முக்கியம் அத்தை, அதுதான் உங்கள் பட்டா மாதிரி என்றேன். அவர் அந்தத் தேதியை விரலால் தடவிப் பார்த்தார்.

"கொடுக்கலேன்னா யாருகிட்ட போறது?" இது அடுத்த கேள்வி. அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அது தானாக வந்ததில்லை. நர்மதைக் கரையில் சர்தார் சரோவர் அணையில் மூழ்கப்போகிறவர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். அந்த அணைக்குக் கடன் கொடுத்த உலக வங்கி, பிராட்ஃபோர்டு மோர்ஸ் தலைமையில் தனிக் குழு போட்டு விசாரிக்க வேண்டி வந்தது. 1992இல் அந்தக் குழு வங்கியின் சொந்த விதிகளே பின்பற்றப்படவில்லை என்று அறிக்கை கொடுத்தது. 1993இல் இந்தியா மீதிக் கடன் வேண்டாம் என்றது. அதே 1993இல்தான் உலக வங்கி, பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாக முறையிட ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. ஆசிய வளர்ச்சி வங்கி 1995இல் அந்த வழியில் வந்தது. 2003இல் பொறுப்புக்கூறல் அமைப்பு என்று அதைப் பெரிதாக்கியது. நர்மதைக் கரையின் ஆதிவாசிகளுக்கு நம் கரை மக்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்த அமைப்பில் இரண்டு கை உண்டு. ஒன்று பேசித் தீர்க்கப் பார்க்கும், அதன் பொறுப்பாளர் தலைவருக்குக் கீழே. இன்னொன்று வங்கி தன் கொள்கையை மீறியதா என்று விசாரிக்கும் மூன்று பேர் குழு. இது தலைவருக்குக் கீழே இல்லை, நேராக இயக்குநர் குழுவிடம் அறிக்கை கொடுக்கும். விசாரிக்கப்படுகிறவர்களுக்குக் கீழே விசாரிக்கிறவரை வைக்கக் கூடாது என்று யாரோ சரியாக யோசித்திருக்கிறார்கள். எங்கள் கூட்டுறவுத் தணிக்கையிலும் இதற்காகத்தான் வெளியாள் வருகிறார்.

முறையிட என்ன வேண்டும்? பாதிக்கப்பட்ட இரண்டு பேர் போதும். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. முதலில் அந்தத் திட்டத்தைக் கவனிக்கும் வங்கியின் துறையிடம் பேசிப் பார்த்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றும் இல்லை. கடன் பெறும் உறுப்பு நாடுகளின் ஆட்சிமொழி அல்லது தேசிய மொழி எதிலும் எழுதலாம். தமிழ் இலங்கையின் ஆட்சிமொழி, இலங்கை அங்கே உறுப்பு நாடு. இதைப் படித்ததும் அண்ணன் மகள் எழுந்து நின்றுவிட்டாள். "சித்தப்பா, தமிழ்ல எழுதலாம்!" என்றாள், திண்ணையே அதிரும்படி.

அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. "அம்புட்டுத் தூரத்துல தமிழ் படிக்க ஆளு இருக்கா?" என்றார். மொழிபெயர்க்க வைப்பது அவர்கள் பொறுப்பு என்றேன்.

"ரெண்டு பேரு வேணும்னியே?"

"ஆமா அத்தை."

அவர் தாளை மறுபடி நாலாக மடித்து, ரேஷன் அட்டைக்குப் பின்னால் வைத்து, உறையை முந்தானையில் முடிந்தார். பக்கத்துக் குடிசைக்காரியிடமும் அந்த மாதிரித் தாள் ஒன்று இருந்ததாம். அவள் மகன் பள்ளிக்கூட நோட்டுக்குள் வைத்திருப்பானோ, தொலைத்துவிட்டானோ என்று கவலைப்பட்டார். விளக்கு வைப்பதற்குள் போய்க் கேட்டுவிட வேண்டும் என்று எழுந்து, கரைமேல் வேகமாக நடந்தார்.